ஜாம் போத்தலில் பிறந்த வண்டுகள்

என் மச்சாள் வீட்டுச் சாமித்தட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு இருக்கிறது, பித்தளைச் செம்பு இருக்கிறது. பூ வைப்பதற்கு மட்டும் ஒரு பழைய ஜாம் போத்தல். வருகிற சொந்தக்காரர்கள், "இதென்ன கோலம், ஒரு நல்ல சாடி வாங்கக்கூடாதோ?" என்று கேட்பார்கள். அவள் சிரிப்பாள். பதில் சொல்லும் வேலையை நான் பறித்துக்கொள்வேன். அந்தக் கதையைச் சொல்வதில் எனக்கு அவ்வளவு பெருமை.

மச்சாள் என் கணவரின் தங்கை, என் வயதுக்காரி. சுவிட்சர்லாந்தில், ஊஸ்டர் நகருக்கு வெளியே ஒரு ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும், தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள புல்வரம்பில் வெள்ளைக் காட்டுப்பூக்களைப் பறித்துச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவாள். கடைப்பூ வைத்தால் அவளுக்கு விளக்கேற்றிய மாதிரியே இருக்காது. அந்தப் பூவே அவளுக்கு வினையாகிவிட்டது.

ஒரு வசந்தத்தில் செடிகளுக்கிடையே வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தோம். காட்டோர வரிசைகளில் மொட்டுகள் காம்பு அறுந்தும் அறாமலும் தொங்கின. அவை மச்சாளின் வரிசைகள். தோட்டத்துச் சொந்தக்காரரை ஷெஃப் என்றுதான் கூப்பிடுவோம்; ஜெர்மனில் முதலாளி என்று அர்த்தம். மாடு வளர்த்தவர், ஸ்ட்ராபெரிக்குப் புதியவர். அன்று வெள்ளிக்கிழமை. நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் எல்லாரையும் கூப்பிட்டு, மச்சாளின் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே வெள்ளைப் பூக்கள். ஸ்ட்ராபெரிப் பூவும் வெள்ளைதான். வேறென்ன சாட்சி வேண்டும்! இனி செடிப்பக்கம் போகக்கூடாது, பழக்கூடை கழுவினால் போதும், அறுவடை முடிந்ததும் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம் என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் நான், "ஒரு மன்னிப்பைக் கேட்டுப்போட்டு விடு மச்சாள்" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "செய்யாததுக்கு என்ன மன்னிப்பு? மொட்டை ஆரும் சாமிக்கு வைப்பினமோ? விசரே உனக்கு?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் தொங்கும் மொட்டுகளில் ஒரு பிடி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தையல் ஊசியால் ஒன்றைப் பிரித்தாள். உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு முட்டை. இதைக் காட்டினால் யார் நம்புவார்கள்? மற்றவற்றை ஈரத் துணியோடு ஜாம் போத்தலில் போட்டு, வாயைப் பழைய சேலைத் துண்டால் கட்டிக் குசினி யன்னலில் வைத்தாள். ஞாயிறுதோறும் ஒரு மொட்டுப் பிரிபடும். முதலில் காலில்லாத வெள்ளைப் புழு, மொட்டின் உள்ளேயே தின்று கொழுத்தது. பிறகு அது அசையாத கூட்டுப்புழுவானது.

தேநீர் இடைவேளைகளில் வரிசை ஓரத்தில் குந்தியிருந்து குற்றவாளியையும் கண்டுபிடித்தாள். அரை அரிசியளவு கறுப்பு வண்டு, நீண்ட மூக்கு. 'மூக்கி' என்று பெயர் வைத்தாள். மூக்கி மொட்டைத் துளைத்து, திரும்பி நின்று முட்டையிட்டு, கீழே இறங்கிக் காம்பைக் கடிப்பாள். "பிள்ளைக்கு வீடும் சாப்பாடும் வைச்சிட்டு, மொட்டு விரியாமல் கதவையும் பூட்டிப்போட்டுப் போறாள் பார்" என்றாள் மச்சாள். விரலை நீட்டினால் பொத்தென்று விழுந்து, காலை மடக்கிச் செத்தது போலக் கிடக்கும். "ஐயோ, என்ன நடிப்பு!"

அறுவடை நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, போத்தலுக்குள் ஏழு வண்டுகள் ஊர்ந்தன. மச்சாள் அதை ஷெஃப்பின் மேசையில் வைத்தாள். அவர் புத்தகமொன்றைத் தேடியெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். காது சிவந்தது. இந்த வண்டு காட்டுச் சருகுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும், வெயில் வந்ததும் பக்கத்து வரிசைகளில்தான் முதலில் இறங்கும் என்று அவரே வாசித்துச் சொன்னார். நாளைக்கே வரிசைக்குத் திரும்பி வா என்றார்.

மச்சாள் நகரவில்லை. எல்லாருக்கும் முன்னால் சொன்னீர்கள், எல்லாருக்கும் முன்னாலேயே அதைத் திருப்பி எடுங்கள் என்று தன் அரைகுறை ஜெர்மனில் சொன்னாள். அவர் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு அத்தனை பேரையும் கூப்பிட்டு, தொப்பியைக் கழற்றி, அவள் செய்யவில்லை, பிழை என்னுடையது என்றார்.

வண்டுகளை அவர் எடுத்துக்கொண்டார். போத்தலை மச்சாள் கேட்டு வாங்கிக் கழுவினாள். அன்று மாலை, எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, அவசரமேயில்லாமல் புல்வரம்புக்கு நடந்துபோய்ப் பூப் பறித்தாள். சாப்பாட்டுப் பெட்டிக்குள் அல்ல, வெளியே தெரியும்படி அந்தக் கண்ணாடிப் போத்தலில் நிறைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

இப்போதும் தோட்டத்தில் மொட்டு வருகிற காலத்தில் முதலில் வரிசை பார்ப்பவள் அவள்தான். நேற்று வெள்ளிக்கிழமை. விளக்கு எரிந்தது. பக்கத்தில் அந்தப் போத்தல், நிறைய வெள்ளைப் பூக்களோடு.