புல் கூடை காலியாக இருந்த பத்து நாள்

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்கு மருந்தடிப்பது என் வேலை. புல் உயரமாக வளராமல் அடர்த்தியாகப் படர்வதற்கென்றே ஒரு மருந்து உண்டு. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிப்போம். டிசம்பர், ஜனவரியிலும் காலண்டரைப் பார்த்து அப்படியே அடித்தேன்.

மூன்றாவது முறைக்குப் பிறகு, பந்து விழும் குழியைச் சுற்றியிருந்த புல் பழுப்பேறியது. புல் வெட்டும் மிஷினின் பிளேடு மழுங்கிவிட்டது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். மிஷின் ஓட்டுபவர் செல்வம், இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். அவருக்கு வார்னிங் லெட்டர் வந்தது. இன்னொன்று வந்தால் ஊருக்கு டிக்கெட்தான்.

மறுநாள் அவர் சண்டைக்கு வரவில்லை. மிஷினில் வெட்டிய புல் வந்து விழும் கூடையைக் கழற்றிக் காட்டினார். அதில் ஒரு கைப்பிடி புல்கூட இல்லை.

"பத்து நாளா இப்படித்தாண்ணே. புல்லு வளரவே இல்ல. எங்க தோட்டத்துல குளிர் வந்தா கொழுந்து வர சுணங்கும், எடுக்குற நாளையும் தள்ளிப்போடுவாங்க. குளிருக்கு உங்க மருந்தும் மெதுவாத்தானே தீரும்?"

முன்பு அடித்தது தீருமுன்பே மேலே மேலே அடித்திருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மருந்தை நிறுத்திவிட்டு, இருவரும் தினமும் கூடையைப் பார்த்தோம். மூன்றாவது வாரம்தான் அதில் புல் விழத் தொடங்கியது.

சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன். லெட்டர் என் பெயருக்கு மாறியது.

"முதல்லயே ஏன் சொல்லல?" என்று செல்வத்திடம் கேட்டேன்.

"நீங்க கேக்கலியேண்ணே" என்றார்.

அந்தப் பத்து நாளும் நாங்கள் தங்கும் கேம்பில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.