இருமல் பாட்டுக்கு ஒன்பது ஓட்டு

போன வாரம் என் மகள் கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். உலகம் முழுக்க இருக்கிற ரசிகர்கள் கூடி, அந்தப் பழைய இங்கிலீஷ் ராக் குழு வெளியிட்ட சிங்கிள் தட்டுகளில் எந்தப் பாட்டு முதல், எது கடைசி என்று வரிசை போட்டிருக்கிறார்களாம். "அம்மா, ஒங்க பாட்டு முப்பத்தோராவது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. உலகத்துக்குக் காது சரியில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்தப் பாட்டை ஒரு தேர்தலில் நிறுத்தி முதலிடத்தில் உட்கார வைத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோட்டுச்சேரியிலிருந்து திருநள்ளாறு வரை எந்தக் கல்யாணத்திலாவது, கூட்டத்திலாவது பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்டால், அது என் சவுண்டு சர்வீஸ் பெட்டியாகத்தான் இருக்கும். இரண்டு லாரி, நாலு ஜெனரேட்டர், பதினெட்டு ஆள். படிப்பு அஞ்சாவது. அதற்கு மேல் பள்ளிக்கூடமும் நானும் ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுவிட்டோம். என்னிடம் கை கட்டி நிற்கிற எஞ்சினியர்களும் உண்டு. என் மகளே அதில் ஒருத்தி. குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் எழுதினால் இரண்டு எழுத்து கூடும், இல்லை குறையும். அந்த நாலு பேர் என்றே வைத்துக்கொள்வோம்.

என் தாய்மாமா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை, பிரெஞ்சுக்காரர் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அத்தையோடு லீவில் வந்து எங்கள் வீட்டில் இரண்டு மாதம் தங்குவார். மற்ற சொல்தாக்கள் சென்ட்டும் பிளேடும் கொண்டுவருவார்கள். மாமா அந்த வருஷம் கொண்டுவந்தது பாட்டரியில் ஓடும் ஒரு பாட்டுப் பெட்டியும், அந்த நாலு பேருடைய பதினாலு சின்னத் தட்டுகளும். தட்டின் பக்கத்துக்கு ஒரு பாட்டு. பெட்டியின் மூடியைக் கழற்றினால் அதுவே ஸ்பீக்கர். நீளமான ஒயரோடு எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம்.

பாட்டில் ஒரு வார்த்தை எங்களில் பாதிப் பேருக்கு விளங்காது. மாமாவுக்கே பிரெஞ்சுதான் வரும், இங்கிலீஷ் வராது. எதிர்வீட்டில் இருந்த பெரியம்மா மகன் மட்டும் காலேஜ். அண்ணன் தட்டில் இருக்கிற பெயரை வாசிப்பார், நான் அதற்கு ஒரு பெயர் வைப்பேன். கடகடவென்று போகிறது ரயில் பாட்டு. ஒருத்தர் மூக்கால் இழுக்கிறது அழுகைப் பாட்டு. கிதார் கூரையைப் பிய்க்கிறது புயல் பாட்டு. அதே புயல் தட்டின் பின்பக்கத்தில் ஒரு பாட்டு இருந்தது. பாடுகிறவர் முதலில் லொக்கு லொக்கென்று இரண்டு தடவை இருமுவார், தனக்குத்தானே சிரித்துக்கொள்வார், பிறகு மெதுவாக ஆரம்பிப்பார். அதுதான் இருமல் பாட்டு. என் பாட்டு.

ஒரு மாதத்துக்குள் வீடு ரசிகர் மன்றம் ஆகிவிட்டது. அண்ணனும் அவருடைய காலேஜ் கூட்டாளிகள் ஐந்து பேரும், மாமாவின் பழைய பட்டாளத்துக்காரர்கள் இருவரும், ரேடியோ ரிப்பேர் பாயும், மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிற வாத்தியாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காலண்டரின் பின்பக்கத்தில் முதலாவது, இரண்டாவது என்று தினம் ஒரு வரிசை எழுதுவார்கள், தினம் அடிப்பார்கள். புயலை மூன்றாவதில் எழுதியதற்காக அண்ணன் ஒருநாள் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

"இருமல் பாட்டை ஏன் எழுதல?" என்று நான் கேட்டேன்.

"அது தட்டோட முதுகுடி. கம்பெனிக்காரனே வேணாம்னு பின்னாடி ஒட்டுனது. அஞ்சாங்கிளாஸுக்கு என்ன தெரியும்? போயி எறாலை உரி" என்றார் அண்ணன்.

மாமா நியாயஸ்தர். "தட்டுக்கு ரெண்டு பக்கம். ரெண்டும் பாட்டுதான். எழுது" என்றார். இருமல் இருபத்தெட்டாவது இடத்தில் ஏறியது. மொத்தமே இருபத்தெட்டுதான்.

சண்டை முற்றிப் போனபோதுதான் மாமா தேர்தல் அறிவித்தார். எந்தப் பாட்டு ஜெயிக்கிறதோ அந்தத் தட்டும், அதைப் பாட வைக்கிற பெட்டியும், அந்தப் பாட்டை முன்னிறுத்தியவருக்கே. மற்றதை அவர் திரும்ப எடுத்துப் போய்விடுவார். பெட்டி! அம்மா விதவை. எறால் உரித்துக் கம்பெனிக்குக் கொடுத்துத்தான் வீடு ஓடியது. இப்படி ஒரு பொருள் இன்னொரு தடவை எங்கள் வாசற்படி ஏறாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"யாரு யாருக்கு ஓட்டு, மாமா?"

"பதினாலு தட்டையும் ரெண்டு பக்கமும் முழுசாக் கேட்டவங்க எல்லாருக்கும்."

அண்ணன் சிரித்தார். ஆனால் மாமா பட்டியல் எழுதியபோது சிரிப்பு நின்றது. கூடத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு. கொல்லையில் எறால் உரித்துக்கொண்டே, வேறு வழியில்லாமல், எல்லாத் தட்டையும் நூறு தடவை கேட்டவர்கள் ஐந்து பெண்கள்: அம்மா, பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்காமார் இருவர். "அவங்கதான் நெசமான ரசிகருங்க. எந்திரிச்சுப் போக முடியாமக் கேட்டவங்க" என்று மாமா ஐந்து பெயரையும் எழுதினார்.

பிரான்சில் ஓட்டுப் போட்டுப் பழகியவர் என்பதால் மாமா எல்லாம் அந்த முறைப்படியே செய்தார். பாட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக நம்ம ஊர் வழக்கப்படி சின்னமும் போட்டார். புயலுக்குச் சாய்ந்த மழை, இருமலுக்குத் திறந்த வாய். மூலையில் அத்தையின் புடவையைத் திரையாகக் கட்டினார். திரைக்குப் பின்னால் போய், பிடித்த சீட்டை விமானத் தபால் கவருக்குள் வைத்து, வெளியே வந்து அண்டாவில் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாத்தியார் வந்ததும் ஓட்டு. பெண்கள் ஐவரும் வரவில்லை. "போங்கடா, வேலையத்தவங்களா" என்று கொல்லையிலேயே இருந்துவிட்டார்கள். பன்னிரண்டு கவர் பிரித்தார்கள். புயல் ஆறு. இருமல் மூன்று: நான், பாய், இன்னொன்று மாமாவாகத்தான் இருக்க வேண்டும். ரயில் இரண்டு, அது பட்டாளத்துக்காரர்கள். அழுகை ஒன்று, அது வாத்தியார்.

அண்ணனைக் கூட்டாளிகள் தோளில் தூக்கிவிட்டார்கள். ஒருவன் தெருவில் சரவெடியே கொளுத்தினான். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். அது வெற்றிக்கு முந்தின அழுகை என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளே மாமாவின் குரல் கேட்டது.

"எறக்குங்கடா அவனை. எவன் ஜெயிச்சான்?"

"ஆறு மாமா! மத்ததெல்லாம் அதுக்குக் கீழ!"

"பன்னெண்டுல ஆறு பாதி. பாதி பத்தாது, பாதிக்கு மேல வேணும். அங்கல்லாம் அப்படித்தான். மொத ரெண்டு பேருக்கு மட்டும் ரெண்டாஞ் சுத்து. அடுத்த ஞாயிறு. புயலும் இருமலும்."

ஒரே சுற்றில் எம்.எல்.ஏ. வந்துவிடுகிற ஊர் இது. வெடி வெடித்த பிறகு இன்னொரு தேர்தல் என்பதை அண்ணன் கேள்விப்பட்டதே இல்லை. "சரி மாமா, இன்னொரு தடவை தோக்கட்டும் பாவம்" என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்கக் கூட்டாளிகளோடு கடற்கரைக்குப் போய்விட்டார்.

நான் போகவில்லை. பதினேழு விரல் எனக்கு இல்லை, ஆனால் பதினேழு புளியங்கொட்டை இருந்தது. அண்ணனிடம் ஆறு. என்னிடம் மூன்று. தோற்றவர்களும் வராதவர்களும் எட்டுப் பேர். ஜெயித்தவனைச் சுற்றி நிற்பதில் என்ன லாபம்? தோற்றவன் வீட்டுக்கும், வராதவன் வீட்டுக்கும் போ. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இன்றைக்கும் என் தொழில் அப்படித்தான் நடக்கிறது.

முதலில் வாத்தியார். "சார், ஒங்க அழுகைப் பாட்டுல அழுதாரே, அவரேதான் சார் இவரு. அழுது முடிச்சிட்டுத் தொண்டையைச் செருமுறாரு." வாத்தியார் தானும் ஒரு தடவை தொண்டையைச் செருமிப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். ஒன்று விழுந்தது.

பட்டாளத்துக்காரர்கள் மசியவில்லை. "புயலு மார்ச் பண்றதுக்குத் தோதா இருக்கு பாப்பா" என்றார் பெரியவர். சின்னவரிடம் அரைமணி நேரம் பேசினேன். மீசையைத் தடவிக்கொண்டே "பாக்கலாம்" என்றார்.

கொல்லைக்குப் போனேன். அம்மாவிடம் கேட்டதும், "புயலு ஆரம்பிச்சா பாத்திரம் கிடுகிடுங்குது. அந்த இருமலாச்சும் நம்ம வூட்டு ஆளு மாதிரி இருக்கு" என்றாள். அத்தை, "எது சீக்கிரம் முடியும், அதச் சொல்லு" என்றார். "இருமல் ரெண்டே நிமிசம் அத்தை." "அப்ப அதுக்குத்தான்." அக்காமார் இருவருக்கும் இரண்டு நாள் எறால் உரித்துக் கொடுத்தேன். அது லஞ்சம் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். உரித்தது என் விரல்.

கடைசியாகப் பெரியம்மா. கூடையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"ஏண்டி, நான் பெத்த புள்ளைக்குப் போடாம ஒனக்கா போடுவேன்? கேக்குறா பாரு கேள்வி."

புளியங்கொட்டைகளை எண்ணினேன். எனக்கு எட்டு. அண்ணனுக்கு அவருடைய ஆறு, பட்டாளம் இரண்டு, பெரியம்மா ஒன்று, ஆக ஒன்பது. ஒரே ஒரு கொட்டை. பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு பழைய ரேடியோவுக்குள் தலையை விட்டபடியே பேசினார்.

"நான் ஏன் அதுக்குப் போட்டேன் தெரியுமா புள்ள? அந்த ஆளோட தொண்டையில சளி பொரளுறது கேட்டா ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். கேக்கலேன்னா ஸ்பீக்கர் குப்பை. புயலு எந்தக் குப்பையிலயும் நல்லாத்தான் கேக்கும். நீ போ, இன்ஷா அல்லா நடக்கும்."

இன்றைக்கும் புதுப் பெட்டி வாங்கினால் முதலில் நான் ஓட விடுவது ஓர் இருமலைத்தான்.

இரண்டாம் ஞாயிறு பதினேழு பேரும் வந்தார்கள். பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போனார்கள். பெரியம்மா உள்ளே போனதும் "ஆத்தா, மழை போட்ட சீட்டு! மழை!" என்று அண்ணன் கத்தினார். "தெரியும்டா, நான் என்ன குருடியா?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மாமா கவரைப் பிரித்துப் பிரித்து உரக்கப் படித்தார். மழை. மழை. வாய். மழை. வாய். எட்டுக்கு எட்டு என்று வந்து நின்றது. கடைசிக் கவரை மாமா வேண்டுமென்றே மெதுவாகக் கிழித்தார்.

வாய்!

நான் போட்ட கூச்சல் வரிச்சிக்குடி வரைக்கும் கேட்டிருக்கும். பாய் என்னைத் தூக்கிப் பெட்டி இருந்த மேசை மேலேயே நிறுத்தினார். அண்ணன் சின்னப் பட்டாளத்துக்காரரை முறைத்து, "துரோகம் பண்ணிட்டீங்களே" என்றார். அவர் மாதாவின் மேல் சத்தியம் செய்தார். யார் நம்புவார்? நானும் நம்பவில்லை. மீசைக்குப் பின்னால் ஒரு நல்ல இதயம் இருக்கிறது, என் பேச்சு அதைக் கரைத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அடுத்த நாள் அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனுஷன் விழித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெட்டியைத்தான் முதலில் ஒரு காதுகுத்துக்கு வாடகைக்கு விட்டேன். அதன் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும்.

அந்த ஒன்பதாவது ஓட்டு யாருடையது என்பது எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆயிற்று. அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு நான் மைக் கட்டிக்கொண்டிருந்தபோது பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானாகவே சொன்னார். "அப்ப நீங்களும் இருமல் பாட்டோட ரசிகைதானா பெரியம்மா?" என்று பூரித்துப்போய்க் கேட்டேன்.

"பாட்டாவது கூட்டாவது. அந்த வருசம் அவனுக்குக் கடேசிப் பரீட்சை. அந்தப் பொட்டி எங்க வூட்டுக்குள்ள வந்திருந்தா அவன் புஸ்தகத்தத் தொட்டிருப்பானா? எறாலு உரிச்சுப் படிக்க வெச்சேன்டி" என்றார். அண்ணன் அந்த வருஷம் பாஸானார். கவர்ன்மெண்டு வேலை பார்த்து, பென்சனும் வாங்குகிறார். அவரிடம் பெரியம்மா கடைசிவரை சொல்லவில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை.

ஆனால் ஜெயித்த அன்று சாயங்காலம் எனக்கு வயது பத்து. பெட்டியை எங்கள் வாசலில் வைத்து, மூடி ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தெருவே கூடியிருந்தது. பெரியம்மா எதிர்வீட்டிலிருந்து இறங்கி வந்து என் கன்னத்தைத் தொட்டு, "ஆசை தீரக் கேளுடி. எங்க வூட்டுப் பக்கம் மட்டும் திருப்பாத" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். பிள்ளை தோற்ற வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். ஒயரை முழு நீளத்துக்கு இழுத்தேன். ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய், அவர்கள் வீட்டுச் சன்னலுக்கு நேரே திருப்பி வைத்து, சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டு, இருமல் பாட்டைப் பதினேழு தடவை போட்டேன். ஓட்டுக்கு ஒரு தடவை. என்னை ஜெயிக்க வைத்த ஓட்டு அந்தச் சன்னலுக்கு உள்ளே முந்தானையைக் காதோடு சுற்றிக்கொண்டு, மகன் முன்னால் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?