வியாழக்கிழமைத் தாள்

பேய், ஆவி என்று யாராவது என் கடையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் எழுந்து போகச் சொல்லிவிடுவேன். இப்போதும் அப்படித்தான். ரேடியோ பழுது பார்க்கிறவன் நான். இரைச்சல் வந்தால் அதற்குக் காரணம் உண்டு, சத்தம் வராவிட்டால் அதற்கும் காரணம் உண்டு, கண்டுபிடிக்கத் துப்பில்லாதவன்தான் கதை சொல்லுவான் என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதனால் இதை எழுத எனக்கே எரிச்சலாக இருக்கிறது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், நான் கெஞ்சப்போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். பட்டறை ஆபீசில் டெலிபோன் இருந்தது. தச்சநல்லூர் வீட்டுக்கும் ஒன்று கேட்டு எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். அவர் மனைவிக்கு இதய வால்வில் கோளாறு, மூச்சுத் திணறினால் அரை மணி நேரத்துக்குள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் கிடையாது. பகல் முழுக்க அந்த அம்மா தனியாகத்தான் இருப்பார். தகவல் தெரிந்தால் அண்ணாச்சி காரை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார், தகவல் வருவதற்குத்தான் வழியில்லை.

அப்போது வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் தூரம் பேசும் கார்ட்லெஸ் போன் கொண்டுவருவார்கள். ஒரு செட்டை டெலிபோன் இருக்கும் இடத்திலும் இன்னொன்றை வீட்டிலும் வைத்து, இரண்டு மொட்டை மாடியிலும் குழாய் நட்டு ஆன்டெனா கட்டினால் ஐந்தாறு கிலோமீட்டர் தாராளமாகப் பேசலாம். அனுமதி வாங்கினீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிக் குரல் தெளிவாக வரும் திசையைப் பிடிக்க வேண்டும். அதற்கு மறுமுனையில் ஒருவர் நிறுத்தாமல் பேச வேண்டும். பேசுங்கள் என்றால் எல்லோரும் இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டு ஊமையாகிவிடுவார்கள். அதனால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளை வாசிக்கச் சொல்வது என் வழக்கம். அது இல்லாத வீடு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தச்சநல்லூர் வீட்டு வேலையை முடித்துவிட்டு அந்த அம்மாவிடம் விவரம் சொன்னேன். அண்ணியை எங்கள் பக்கம் மைனி என்போம், அவரையும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

“காலைல எட்டு மணிக்கு சுவிட்சப் போட்டு அன்னைக்குத் தாள வாசிக்க ஆரம்பிங்க மைனி. நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தப்படாது.”

“எட்டு மணிக்கேவா தம்பி?”

“வெயில் ஏறிட்டா மாடியில நிக்க முடியாது.”

சரி என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு பட்டறை ஆபீஸ் செட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயைத் திருப்ப ஆரம்பித்தேன். முதலில் வெறும் இரைச்சல். அரை மணி நேரம் கழித்து மைனியின் குரல் வந்தது. “வியாழக்கிழமை. தசமி. மகம். ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று.” திரும்பத் திரும்ப அதே. திங்கட்கிழமை வியாழக்கிழமையை வாசிக்கிறாரே, தெரியாமல் நாலு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். எந்தக் கோணத்தில் என்ன கேட்டது என்று நோட்டில் குறித்துக்கொண்டே போவது என் பழக்கம், குறித்தேன். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது குழாயை இறுக்கிவிட்டுப் போதும் மைனி என்றேன். குரல் நின்றது. செட்டை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

நேராகத் தச்சநல்லூர் போனேன். மைனி காபித் தம்ளரோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

“கோவிச்சுக்கிடாதீங்க தம்பி. இன்னைக்கு ஏழரைலேர்ந்து ஒம்பது வரைக்கும் ராகு காலம்லா. புதுச் சாமான எப்படித் தொடுவேன்? ஒங்க மூஞ்சிக்கு நேர சொல்ல பயம், சரின்னுட்டேன். ஒம்பது அடிச்ச பொறவுதான் சுவிட்சப் போட்டேன். அப்போலேர்ந்து வாசிக்கேன், ஒங்க சத்தத்தையே காணுமே.”

“ஒம்பதுக்கு முன்னால?”

“தொடவே இல்ல. சாமி அலமாரியில வச்சிருந்தேன்.”

செட்டைப் பார்த்தேன். சந்தனமும் குங்குமமும் ஈரமாக இருந்தன. காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை, சப்தமி. ஒரு தாளும் கூடுதலாகக் கிழியவில்லை.

காலையில் கேட்டதைச் சொன்னேன். மைனி தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வியாழக்கிழமையைப் பார்த்தார். தசமி, மகம். தாள்களைக் கீழே விட்டுவிட்டு, “அவுககிட்ட சொல்லிராதீங்க” என்றார்.

வேறு யாருடைய செட்டோ குறுக்கே வந்திருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கும் அந்தத் திணறல் வேறு யாருக்கும் கிடையாது.

நான் எதையும் மூடி வைக்கிறவன் இல்லை. அன்றைக்கே பேட்டைக்குப் போய் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன்.

“ஏம்வே, கம்பி கட்ட வந்தீரா, குறி சொல்ல வந்தீரா?”

“எனக்கும் ஒண்ணும் புரியல அண்ணாச்சி. வியாழக்கிழமை ஒருநாள் வீட்ல இருங்க.”

“சாமியும் இல்ல பூதமும் இல்லன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு அலைஞ்சது நீருதானவே? போவும், போய் டேப்ரிக்கார்டரப் பாரும்.”

பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று வந்துவிட்டேன்.

ஆனால் வியாழக்கிழமை அண்ணாச்சி பட்டறைக்குப் போகவில்லை. மனைவியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். பதினோரு மணி வாக்கில் மைனி அடுக்களையில் மூச்சு நின்றதுபோல் விழுந்துவிட்டார். அண்ணாச்சி தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஓடினார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். இன்னொன்றையும் கேளுங்கள். அந்த நேரத்தில் தச்சநல்லூர் முழுக்கக் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் அந்தச் செட் வெறும் டப்பா. நான் வெயிலில் காய்ந்து கட்டிய கம்பியால் அன்றைக்கு ஒரு சல்லிப் பயனும் இல்லை.

மைனி பிழைத்து வீடு திரும்பியதும் அண்ணாச்சி என் கடைக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

“வே, அந்தக் கம்பியக் கழட்டிரும்.”

“நல்லாத்தானே பேசுது அண்ணாச்சி.”

“அதான் கழட்டச் சொல்லுதேன்.”

கழற்றினேன். பிறகு அந்த வீட்டுக்கு முறையான டெலிபோனே வந்துவிட்டது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை குழாயை இறுக்குவதற்கு முன் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினேன். குரல் மங்கியது, ஆனால் அறுபடவில்லை. அந்தக் கோணத்தில் அவர் வாசித்தது வேறு தாள். “ஞாயிற்றுக்கிழமை. அமாவாசை.” அவ்வளவுதான் பிடிபட்டது, மற்றதை இரைச்சல் தின்றுவிட்டது. எந்த மாதம், எந்த வருஷம், தெரியாது. நோட்டில் குறித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை அண்ணாச்சிக்கும் காட்டவில்லை, மைனிக்கும் காட்டவில்லை. எந்த நாள் என்று தெரியாமல் ஒரு மனுஷியிடம் எதைச் சொல்ல?

அன்றிலிருந்து எந்த அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தாலும் காலையில் அந்த வீட்டுக்குப் போன் போடுவேன். மைனி எடுப்பார். சும்மாதான் மைனி என்பேன். அவரும் ஏன் என்று கேட்டதில்லை. இப்படியே வருஷங்கள் ஓடின.

போன தடவை நான் நம்பரை அழுத்துவதற்குள் கடை போன் அடித்தது. எடுத்தேன்.

“இன்னைக்கும் ஒண்ணும் இல்ல தம்பி. போய்ச் சாப்பிடுங்க.”