அடைக்கோழிக் கூடைக்குப் போன எறும்புகள்

நேற்று என் மகளின் பிறப்புச் சான்றிதழைக் காணோம் என்று ஒரு மணி நேரம் வீட்டைப் புரட்டிப் போட்டேன். கடைசியில் அது வைத்த இடத்திலேயே, நான் மூன்று முறை திறந்து பார்த்த கோப்பிலேயே இருந்தது. "அதான் கெடைச்சிருச்சே, இன்னும் ஏம்மா தெறந்து தெறந்து பாக்குறீங்க?" என்று மகள் கேட்டாள். இதை எழுத உட்காரும் முன்னும் ஒருமுறை திறந்து பார்த்தேன். இது அப்பாவிடமிருந்து எனக்கு வந்த நோய். ஆனால் அந்த அப்பா தொலைத்த காகிதத்தை ஒருமுறை கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான்தான். அந்தப் பெருமையும் இன்னும் விடவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இலங்கையில், கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான மேட்டு லயத்தின் நான்காவது காம்பரா எங்களுடையது. ஒரே அறை. பின்பக்கம் தகரம் இறக்கிய ஒரு சாய்ப்பு. அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று நான்கு பேர். சாய்ப்பில் ஒரு கோழி.

அந்த நாட்களில் லயத்தில் எல்லோர் வாயிலும் பிரஜாவுரிமைப் பேச்சுதான். மனுப் போட்டவர்களை ஒவ்வொருவராக டவுனுக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். இத்தனை வருஷமாக இந்த நாட்டில்தான் இருந்தோம் என்று காட்ட வேண்டும், காட்ட முடியாதவர்களுக்கு உரிமை கிடையாது. அப்பா இங்கே வருவதற்கு முன் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். அங்கிருந்து விலகியபோது கொடுத்த துண்டு ஒன்றுதான் அந்த வருஷங்களுக்குச் சாட்சி. உள்ளங்கை அகலக் காகிதம். அப்பாவின் பெயர், வேலைக்குச் சேர்ந்த நாள், விலகிய நாள், கீழே அந்தத் தோட்டத்துத் துரையின் கையெழுத்து. மடித்து மடித்தே அது நடுவில் இரண்டாகக் கிழிந்திருந்தது.

அம்மா அதை ஒட்டினாள். கோயில் திருவிழாவுக்குத் தோரணம் ஒட்டுவதில் அவளை மிஞ்ச லயத்தில் ஆள் கிடையாது. தோட்டத்தில் கொடுக்கும் கோதுமை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, அதில் ஒரு சிட்டிகை சீனியும் போடுவாள். சீனி போட்டால்தான் பசை பிடிக்கும் என்பது அவள் நம்பிக்கை. பின்னால் ஒரு பட்டைக் காகிதம் வைத்து, அந்தத் தோரணப் பசையாலேயே அப்பாவின் துண்டையும் ஒட்டிக் கொடுத்தாள்.

அதை ஒளித்து வைப்பது அப்பாவின் வேலை. மெழுகுத் துணியில் சுற்றி முதலில் தகரப் பெட்டியில் வைத்தார். திருடன் வந்தால் பெட்டியைத்தான் முதலில் தூக்குவான் என்று சாமி படத்துக்குப் பின்னால் மாற்றினார். விளக்கு சாய்ந்தால் பற்றிக்கொள்ளுமே என்று அரிசிப் பானைக்கு மாற்றினார். அங்கே எலி. கூரைச் சட்டத்தில் செருகினார். அங்கே ஒழுக்கு. இப்படி வாரத்துக்கு ஓர் இடம். யாரிடமும் சொல்லமாட்டார், சொன்னால் அது எப்படி ஒளித்ததாகும்? விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்த அன்று துண்டை எடுக்கப் போனவர், காம்பராவின் நடுவில் நின்று நான்கு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியாக வைத்த இடம் அவருக்கே மறந்துபோயிருந்தது.

"எங்கதாங்க வச்சீங்க? நல்லா நெனச்சுப் பாருங்க."

"பத்தரமாத்தான் வச்சேன்."

"பத்தரம்னா எங்க?"

"யாருக்கும் தெரியாத எடத்துல."

"நல்லதாப் போச்சு. இப்ப ஒங்களுக்கும் தெரியல."

அண்ணன் சிரித்துவிட்டான். அப்பா அவன் முதுகில் ஒன்று வைத்தார். விசாரணைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

இரண்டாம் நாள் அப்பா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கே போகவில்லை. பானை, பெட்டி, படுக்கை எல்லாம் முற்றத்துக்கு வந்துவிட்டன. காலியான அறையை அம்மா ஆத்திரத்தோடு கூட்டி, மண்ணெண்ணெய்த் துணியால் தரையைத் துடைத்தாள். அழுகையை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி அது. துடைத்த துணி, பின்வாசல் படிக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசையையும் சேர்த்து இழுத்துப் போட்டது.

எனக்கு அந்த எறும்புகளைத் தெரியும். முந்தின மாதம் காய்ச்சலில் சுவரோரம் படுத்துக் கிடந்தபோது ஏற்பட்ட பழக்கம். கடிக்காத கறுப்பு எறும்பு, பிள்ளையார் எறும்பு என்போம். எச்சில் தொட்ட விரலால் அவற்றின் பாதைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் போதும், இரண்டு பக்கமும் நின்று தவிக்கும். கண்ணால் பார்த்துப் போவதானால் ஒரு விரல் அகலம் என்ன தடை? அவை தரையை முகர்ந்துதான் போகின்றன என்று நானாகவே கண்டுகொண்டேன். தீனியைக் கண்ட எறும்பு திரும்பும் வழியெல்லாம் வயிற்று நுனியால் தரையில் வாசனை தொட்டு வைத்துக்கொண்டே வரும், பின்னால் போகிறவை அதை இன்னும் அழுத்தமாக்கும், தீனி தீர்ந்தால் தொட்டு வைக்க ஆளில்லாமல் வாசனை தானாகவே மறையும் என்பதெல்லாம் பின்னாளில் படித்தது. ஆனால் கடைசி விஷயம் மட்டும் அப்போதே எனக்குத் தெரியும். நான் போட்ட ரொட்டித் தூள் தீர்ந்த மறுநாள் வரிசையும் இருக்காது.

இந்த வரிசையோ பத்து நாளாக ஓயவில்லை. சாய்ப்பில் கோழி அடைகாக்கிறது, அதற்குப் போடும் நொய்க்குத்தான் போகின்றன என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அன்று, பாதை அறுந்து படியில் தடுமாறிய எறும்பொன்றின் வாயில் வெள்ளையாக ஏதோ இருந்தது. நகத்தால் எடுத்துப் பார்த்தேன். நொய் உருண்டு இருக்கும். இது தட்டையாக, காய்ந்த செதிலாக இருந்தது. தோரணம் ஒட்டிய மறுநாள் அம்மாவின் விரலிலிருந்து உரியுமே, அந்தச் செதில்.

நான் படியருகே குந்திவிட்டேன்.

"அப்பா, இங்க பாருங்க. ஒங்க மக எறும்புகிட்ட விசாரிக்கிறா" என்றான் அண்ணன்.

"எந்திரிடி! வீடே கவுந்து கெடக்கு, இவளுக்கு வேடிக்க" என்று அம்மா கையை ஓங்கினாள்.

"அடிக்காதீங்கம்மா. வழிய நீங்க தொடச்சிட்டீங்க. அதுக மறுபடி கண்டுபுடிக்கட்டும்."

ஓங்கிய கை ஏன் இறங்கியது என்று தெரியவில்லை. களைத்திருப்பாள். நான் அசையாமல் இருந்தேன். எறும்புகள் மண்ணெண்ணெய் ஓரம் வரை வந்து வந்து திரும்பின. வெகுநேரம் கழித்து ஒன்று மட்டும் நிலைக்கட்டையில் ஏறி, ஈரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது. பழைய பாதை அகப்பட்டதும் ஓட்டமெடுத்தது. பின்னால் இன்னொன்று. பிறகு மூன்று. கொஞ்ச நேரத்தில் நிலைக்கட்டை மேல் புது வரிசையே ஓடியது.

கூடவே நானும் தவழ்ந்தேன். சாய்ப்பில் நொய் சிதறிக் கிடந்தது. எறும்புகள் அதைச் சட்டை செய்யவில்லை. தாண்டிப் போய், அடைக்கோழி மேல் கவிழ்த்திருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பழைய கூடையில் ஏறின. இரண்டு வாரத்துக்கு முன் அம்மாதான் ஆணியில் தொங்கிய அந்தக் கூடையை எடுத்துக் கோழியை மூடியிருந்தாள். கிழிந்த அடிப்பக்கத்தில் சாக்கு வைத்துத் தைத்திருந்தது. அந்தச் சாக்கின் ஓரத்தில் எறும்புகள் ஒவ்வொன்றாக நுழைந்து மறைந்தன. வெளியே வந்தவற்றின் வாயெல்லாம் வெள்ளை.

"அப்பா!" என்று நான் போட்ட கூச்சலில் பத்துக் காம்பராவும் வெளியே வந்துவிட்டது.

அப்பா ஓடி வந்தார். கூடையைப் பார்த்ததும் நெற்றியில் அறைந்துகொண்டார். "அட, இந்த ஓட்டக் கூடைய எவன் திருடப் போறான்னுதானே இதுல வச்சேன்!" கூடையைத் தூக்கியதும் கோழி அவர் முகத்துக்கே பாய்ந்தது. இரண்டு கொத்து வாங்கிக்கொண்டே, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் சாக்கின் தையலை அறுத்தார். உள்ளே மெழுகுத் துணி. அதற்குள்ளே துண்டு. ஒட்டிய இடத்தை எறும்புகள் தின்று தீர்த்து, மறுபடி இரண்டாக்கி வைத்திருந்தன. ஓரமெல்லாம் பொடிப்பொடியாக அரிப்பு. எழுத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அப்பா அந்தக் கோழி எச்சத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அதற்கு முன்னும் பின்னும் அவன் என்னைத் தூக்கியதில்லை.

அம்மா மறுபடி ஒட்டினாள், இந்தத் தடவை சீனி போடாமல்.

விசாரணைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த விசாரணைத் துரை துண்டை வெளிச்சத்தில் பிடித்து, அரித்த ஓரத்தைத் தடவி, சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்த கிளாக்கர் தமிழில் சொன்னார்.

"எறும்பு தின்னுருச்சுங்க" என்றார் அப்பா, வியர்வையோடு. "இந்தப் புள்ளதாங்க எறும்பு பின்னாலயே போயி எடுத்துச்சு."

துரை மேசைக்கு மேலாக எட்டி என்னைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதைச் சொல்வதற்குள் கிளாக்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எறும்பு விட்டு வச்சதே போதும்னு தொர சொல்றாரு."

போதும்தான். சில மாதங்களில் வந்த கடிதத்தில் எங்கள் பெயர்கள் இருந்தன. ஆனால் அப்பா அதுவரை காத்திருக்கவில்லை. டவுனிலிருந்து திரும்பிய அன்றே காம்பரா காம்பராவாகப் போய்க் கதையைச் சொன்னார். மூன்றாவது காம்பராவில் எறும்புகள் கட்டெறும்புகளாகிவிட்டன. ஆறாவதில் அவை அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்துப் போய்க் கூடையைக் காட்டின.

அன்று மாலை நான் பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன். அங்கே பெரியம்மாவும் பெரியப்பாவும். உறவில்லை, முறை மட்டும். அடுத்த வாரம் அவர்களுக்கு விசாரணை.

"பெரியம்மா, ஒங்க துண்ட நான் தேடித் தர்றேன்."

"முன்ன இருந்த தோட்டத்துல எங்களுக்குத் துண்டே குடுக்கலயே ஆயி."

"குடுத்திருப்பாங்க. நீங்க எங்கயாச்சும் வச்சிட்டு மறந்திருப்பீங்க. எங்க அப்பா மறக்கலயா?"

பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பெரியம்மா மறுக்கவில்லை. நான் சொன்ன பானையை நகர்த்தினார். சொன்ன பெட்டியைத் தூக்கினார். சுவரில் ஓடிய ஒவ்வொரு எறும்பின் பின்னாலும் விளக்கேற்றும் நேரம் வரை நான் போனேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னை இழுத்து மடியில் வைத்து, "போதும் ஆயி, நீ தேடுனதே போதும்" என்று என் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார்.

நான் திமிறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். தோட்டமே என் திறமையைப் பேசுகிறது, பெரியம்மாவுக்கு மட்டும் அதில் நம்பிக்கையில்லை என்று எனக்கு அப்படியொரு கோபம். இரண்டு நாள் அவரோடு பேசவேயில்லை.