குரைக்காத காவல் நாய்

லண்டன் ஓரத்தில், கைவிடப்பட்ட ஓநாய்க் கலப்பு நாய்களுக்கான காப்பகம் ஒன்றில் ஞாயிறுகளில் உதவுகிறேன். கொண்டுவந்து விடுபவர்களைத் திட்டித் திட்டியே களைத்துப் போயிருந்தேன்.

அன்று தென் லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஒருவர், கோயில் பூசை முடிந்த கையோடு தன் நாயைக் கொண்டுவந்தார்.

“வீட்டில கள்ளர் பூந்ததால காவலுக்கெண்டு வாங்கினனான், தங்கச்சி. இது குரைக்கிறதே இல்லை. ஆக்கள் வந்தா கட்டிலுக்குக் கீழ ஒளிக்குது.”

ஓநாய் இரத்தம் உள்ள நாய் அந்நியரைக் கண்டால் ஒளியத்தான் செய்யும். வாங்குமுன் விசாரித்திருக்கலாம். அதைச் சொல்லவும் எனக்கு அலுப்பாக இருந்தது.

அவர் காரைக் கிளப்பியதும் நாய் முகத்தை உயர்த்தி நீளமாக ஊளையிட்டது. அவர் கண்ணாடியை இறக்கினார்.

“பாத்தியளே, இப்ப குரைக்குது!”

“உங்களைக் கூப்பிடுது, அண்ணை.”

அவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். பிறகு நாயை விட்டுவிட்டே போய்விட்டார்.

இப்போதெல்லாம் குட்டி வாங்க ஆசைப்படுபவர்களுக்கு நான் புத்தி சொல்வதில்லை. ஒரு ஞாயிறு வந்து, யாருடைய காராவது புறப்படும்வரை என்னோடு நில்லுங்கள் என்கிறேன்.