மிச்சம் வைத்த மாத்திரை

இங்கே விடிந்ததும் முதலில் நெற்றியைத்தான் பார்க்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். வல்லத்தில் நான் சமைக்கும் கம்பெனிப் பெண்கள் விடுதி வாசலில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். துப்பாக்கி மாதிரி ஒன்றை நெற்றிக்கு நேரே நீட்டுவார்கள். சூடு காட்டினால் பஸ்ஸில் இடமில்லை. கொரோனா வந்ததிலிருந்து இப்படி.

அதனால் தொண்டை கரகரத்தாலே விடுதிப் பிள்ளைகள் மெடிக்கலுக்கு ஓடுவார்கள். காய்ச்சல் மாத்திரையோடு ஆன்டிபயாடிக்கும் டாக்டர் சீட்டில்லாமலே கிடைத்தது. இரண்டு போட்டு உடம்பு லேசானதும் மிச்சத்தை என் அடுக்களை டப்பாவில் போட்டுவிடுவார்கள், அடுத்தவளுக்கு ஆகட்டும் என்று. எல்லாம் எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள். அந்தக் குணத்தில் எனக்குப் பெருமை. நீர்க்கடுப்பு வந்தபோதெல்லாம் நானும் அதிலிருந்தே இரண்டு போட்டுக்கொள்வேன். வைத்தியத்துக்கென்று யார் வாசலிலும் போய் நின்றதில்லை.

இந்தத் தடவை கடுப்பு நிற்கவில்லை. குளிர் நடுக்கத்தில் விழுந்த என்னைப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீரைச் சோதித்த டாக்டரம்மா, டப்பா மாத்திரைக் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கொரோனா வைரஸுக்கு அந்த மாத்திரை வேலையே செய்யாதும்மா. ஆளாளுக்குப் பாதி பாதியா போட்டு, கிருமிங்கதான் அதுக்குப் பழகிடுச்சி. இப்ப கிட்னி வரைக்கும் போயிருக்கு. எந்த மாத்திரையும் கேக்காது, நரம்புல ஏத்துற மருந்து மட்டும்தான்.”

“பாதியில ஊருக்குப் போனா?”

“ரத்தத்துல கலந்துடும். உசுருக்கே ஆபத்து.”

ஊரடங்கில் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பப் பஸ் விட்டதும் அந்த வாரம்தான். எனக்கும் அதில் இடம் போட்டிருந்தது. முகக்கவசத்தோடு ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே நின்று விடுதிப் பிள்ளை செல்வி கேட்டாள், “ஒங்க சீட்டுல யார உக்கார வைக்க, ஆச்சி?”

“எம் பைய வை. எவளாச்சும் தள்ளுனா நான் வந்து கேப்பேன்னு சொல்லு.”

சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எட்டிப் பார்க்க எழுந்தேன். “இன்னா ஆயா, எங்க கெளம்பிட்ட? டியூப் புடுங்கிக்கும், படு!” என்று நர்ஸ் அதட்டினாள். நாலு பேருக்கு அதட்டிச் சோறு போட்டவள் நான். படுத்துக்கொண்டேன்.

மறுநாள் தங்கச்சி போன் செய்தாள். “எக்கா, பை வந்துட்டு, நீ வரல. நம்மூரு மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்குனா தீந்துபோவும். அந்த ஊரு ஊசிதான் ஒசத்தியோ?”

“இங்க கேக்காத அதே மாத்திரதான்ட்டி அங்கயும்” என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. கோபத்தோடு, என் சேலைகளைத் துவைத்து முற்றத்துக் கொடியில் போட்டிருப்பதாகச் சொன்னாள். இங்கே ஆஸ்பத்திரித் துணியில் கிடந்தபடி, வெயில் இறங்குமுன் எடுத்து மடித்து வை என்றேன்.