ஹால் டிவியில் மாப்பிள்ளை

அந்த வீட்டில் அவனுக்குப் பெயர் கிடையாது. மாமனார் மாப்பிள்ளை என்றார், மாமியார் மாப்பிள்ளை என்றார். தெருமுனைக் கடைக்காரரும் அப்படித்தான். பார்சல் கொண்டுவருகிறவர்கூட வாசலில் நின்று, "மாப்பிள்ளை இருக்காரா?" என்று கேட்பார். கல்யாணம் முடிந்ததும், வாடகைக்கு இடம் கிடைக்கிறவரை என்று சொல்லி மனைவியின் வீட்டுக்கு வந்தவன். கொண்டுவந்த துணியில் பாதி இன்னும் பையிலேயே இருந்தது. அந்தப் பையின் மேல் மாமியார் தையல் மிஷினைத் தூக்கி வைத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன.

பிறந்த வீட்டிலும் அவனுக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. அண்ணன்கள் மூன்று பேர், அறை ஒன்று. ஆகவே கதவு என்பது அவனுக்குக் கொஞ்சம் பெரிய விஷயம். இந்த வீட்டுப் படுக்கையறைக்குக் கதவு உண்டு. ஆனால் துணி அலமாரியும் அங்கேதான் என்பதால் ஆளாளுக்கு வந்து போவார்கள்.

வானத்திலிருந்து எடுத்த படங்களைத் திறந்து, அதில் தெரிகிற கூரைகளைச் சுற்றிக் கோடு போடுவது அவன் வேலை. எங்கோ ஓர் ஊரில் இருந்த வரைபடக் கம்பெனி லேப்டாப் ஒன்றைக் கொடுத்து, வீட்டிலிருந்தே செய் என்று விட்டுவிட்டது. லினக்ஸ் போட்ட கணினி. கம்பெனியின் அஞ்சலும் உத்தரவுகளும் அந்த ஒரு கணினியில்தான் திறக்கும், கைப்பேசியில் திறக்காது. வேலையில் அவனிடம் குறை சொல்ல முடியாது. யாருடைய கூரையையும் அவன் அரைகுறையாக விட்டதில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் அப்டேட் ஒன்று வந்தது. போட்டு, அணைத்து, திறந்தான். லேப்டாப் திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். படம் பாதியில் கிழிந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. எழுத்துகள் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி ஊறிக் கிடந்தன.

கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறவருக்குப் போன் செய்தான்.

"திரைக்குப் படம் அனுப்புற கிராபிக்ஸ் டிரைவர்ல கோளாறு சார். இந்த அப்டேட்டுல வந்த புது கெர்னல் போட்ட நாலஞ்சு பேர் இதையே சொல்லிட்டாங்க. வெளியில வேற திரை மாட்டினா வருதா பாருங்க."

வெளியில் வேறு திரை என்று அந்த வீட்டில் இருந்தது ஹாலில் இருந்த டிவி ஒன்றுதான். மாட்டினான். பளிச்சென்று வந்தது.

"அப்ப கிராபிக்ஸ் சிப் கெட்டுப்போகல. புது மெஷின் அனுப்ப மாசம் ஆகும். அதுவரைக்கும் டிவில ஓட்டுங்க சார், ராஜா மாதிரி."

ராஜா ஹாலில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். கேபிள் ஒரு கை நீளம்தான். டிவியோ சுவரில், தலைக்கு மேலே. அதன் அடியில், எதிர் சோபாவைப் பார்த்தபடி உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்த்தபடியே மௌஸை ஓட்ட வேண்டும். சோபாவில் இருந்தவர்களுக்கு டிவியும் தெரிந்தது, மாப்பிள்ளையும் தெரிந்தான்.

மாமனார் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் உற்றுப் பார்க்கிற கண். மாமியார் பக்கத்தில் துணி மடிப்பார்.

"மாப்ளே, அந்த மூலை வீட்டை விட்டுட்டீங்க."

"அது வீடு இல்ல மாமா, லாரி."

"லாரியா? தண்ணி டேங்க் மாதிரில்ல இருக்கு."

"டேங்க் லாரி."

"அப்ப நான் சொன்னதும் சரிதான்."

மாமியார் நேரடியாகப் பேச மாட்டார். மகள் அங்கே இல்லாவிட்டாலும் மகளிடம்தான் பேசுவார். "மாப்பிள்ளைக்கு அந்தப் பச்சை வீட்டைக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டச் சொல்லு. மாடியில துணி காயப்போட்டிருக்காங்க." மகள் அந்நேரம் மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பாள். அவன் பெருசாக்கிக் காட்டுவான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. திரை கெடுவதற்கு முன்பே, யாருக்கும் தெரியாமல், கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் ஒரு வேலைக்கு அவன் எழுதிப் போட்டிருந்தான். அந்த ஊருக்கே போய்ச் செய்கிற வேலை. கம்பெனி வீடு கொடுக்கும். மனைவியிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அன்றைக்கே அது அவள் அம்மாவுக்குப் போய்விடும் என்று நினைத்தான். வேலை கிடைத்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான்.

ஒரு திங்கட்கிழமை குளித்துவிட்டு வந்து பார்த்தால், அஞ்சலில் உத்தரவு வந்து கிடந்தது. மாமனார் பேப்பரை விரித்து முகத்தை மறைத்திருந்தார். அந்த மறைவில் திறந்தான். வேலை அவனுக்குத்தான். கம்பெனிப் பக்கத்தில் ஒரு படிவத்தை நிரப்பி, சனிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பேப்பர் அசைந்தது. சட்டென்று மூடிவிட்டான்.

அதன் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்க வழியே இல்லாமல் போயிற்று. படிவத்தை நிரப்பினால் அது சுவர் அகலத்துக்கு, எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவில், சோபாவுக்கு நேரே தெரியும். டிவியை அணைத்தால் அவனுக்கும் எதுவும் தெரியாது. மாமனார் ஹாலைவிட்டு நகர்கிற ஆள் இல்லை, ராத்திரித் தூக்கமும் பகல் தூக்கமும் சோபாவில்தான். தெரிந்தவர் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிப் போகலாம் என்றால், எங்கே, எதற்கு, எப்போது வருவீர்கள் என்று வாசல் தாண்டுவதற்குள் வாய் வலிக்கப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே திரையைச் சரிசெய்வது என்று இறங்கினான். கணினி எழும்போது அப்டேட்டுக்கு முந்தைய கெர்னலைத் தேடிப் பார்த்தான். அப்டேட் அதை அழித்துவிட்டிருந்தது. டிரைவரே வேண்டாம் என்று சொல்லி எழுப்பிப் பார்த்தான். கோடு போயிற்று, ஆனால் எல்லாம் மூச்சு வாங்கியது. எதைத் திறந்தாலும் பாதியில் உறைந்து நின்றது, கம்பெனிப் பக்கமும் அப்படித்தான். பழையபடி மாற்றினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதை சோபா உன்னிப்பாகப் பார்த்தது. ஓரிடத்தில் பாஸ்வேர்ட் அடித்தான்.

"தட்டுறீங்க, ஒண்ணும் வரலையே மாப்ளே. புள்ளிகூட வைக்கல."

"வராது மாமா. பாஸ்வேர்ட்."

"நாம என்ன அந்நியமா? நம்மகிட்டயே மறைக்குது பாருங்க."

அந்த வாரம் மாமனாரின் ஆசைகள் கொஞ்சம் மாறியிருந்தன. ஒரு நாள், "உங்க கம்பெனி இருக்கிற ஊர்ப் படம் உங்ககிட்ட இருக்குமே, போடுங்க" என்றார். போட்டான். "ரெண்டு ரூம் வீடுன்னா அங்க எந்த அளவுக்கு இருக்கும்?" என்று கேட்டார். தோராயமாக ஒரு கூரையைச் சுற்றிக் காட்டினான். மாமியார் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, இல்லாத மகளிடம், "அங்க தண்ணி உப்பா இருக்குமான்னு கேளு" என்றார். பொழுது போகாமல் கேட்கிறார்கள் என்று அவன் நினைத்தான்.

சனிக்கிழமையும் வந்தது. மனைவிக்கு அன்று விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் மறுபடியும் கணினியை அணைத்துத் திறந்தான். எழும்போது திரையில் ஒரு சிறு வட்டம் சுழலும். அது சுழலும்வரை லேப்டாப் திரை சுத்தமாக இருந்தது. வட்டம் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். கோடுகள் வந்தன. அவன் மௌஸை அசைத்தான். கோடுகள் போயின. கையை எடுத்தான். வந்தன. அசைத்தான். போயின. இத்தனை நாளும் அண்ணாந்து டிவியையே பார்த்ததில் மடியில் இருந்ததை அவன் பார்க்கவே இல்லை.

போனை எடுத்தான்.

"சும்மா இருந்தா கலையுது சார். அசைச்சா சரியாயிடுது."

சிஸ்டம்காரர் சிரித்தார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். படம் அசையலைன்னா கிராபிக்ஸ் சிப் தூங்கப் போயிடும். கரண்ட் மிச்சம் பண்ண. அந்த நேரத்துல லேப்டாப் திரை தன்கிட்ட இருக்கிற பழைய படத்தையே காட்டிக்கிட்டிருக்கும். புது டிரைவருக்கு அதைச் சரியா ஒப்படைக்கத் தெரியல. ஒரு வரி அனுப்புறேன். கம்ப்யூட்டர் எழும்போது படிக்கிற பூட் அமைப்புல சேர்த்து, அந்த வசதிக்கு நேரா பூஜ்யம் போட்டுடுங்க. தூங்கவே விடாதீங்க."

வரி வந்தது. சோபா பார்த்துக்கொண்டிருக்க, எழுத்துப் பிசகாமல் அடித்தான். சேமித்தான். அமைப்பைப் புதுப்பிக்கச் சொன்னான். அணைத்துத் திறந்தான். வட்டம் சுழன்று நின்றது. கையை மடியில் கட்டிக்கொண்டு காத்திருந்தான். திரை அப்படியே இருந்தது. தெளிந்த குட்டை மாதிரி, ஒரு சலனம் இல்லை.

கேபிளைப் பிடுங்கினான். டிவி நீலமானது.

"என்ன மாப்ளே, போயிடுச்சு?"

"சரியாயிடுச்சு மாமா. இனிமே டிவி தேவையில்ல."

"அப்படியா," என்றார் மாமனார். பிள்ளையின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கினாற்போல் முகம் சின்னதாகிவிட்டது. "நல்லாத்தானே இருந்துச்சு."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். இப்போது அவனுக்கு முன்னால் ஒரு முழம் அகலத்தில் ஒரு திரை. உலகத்தில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. கம்பெனிப் பக்கத்தைத் திறந்தான். படிவம் சின்னதுதான். பெயர் கேட்டது. வருடக்கணக்கில் யாரும் கூப்பிடாத அந்தப் பெயரை அடித்தான். சேரும் நாள் கேட்டது. அடித்தான். கடைசியில், கம்பெனி வீட்டில் தங்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம்.

கதவு திறந்தது. மனைவி. அலமாரியில் எதையோ தேடுகிற மாதிரி நின்றாள். தேடவில்லை.

"எப்ப சொல்றதா இருந்தீங்க?"

அவன் மௌஸை அசைத்தான். பழக்கம்.

"என்னத்த?"

"திங்கக்கிழமை நீங்க குளிக்கப் போயிருந்தீங்க. டிவி மூலையில பெட்டி மாதிரி ஒண்ணு வந்து நின்னுச்சு. அப்பா சத்தமா படிச்சார். வேலைக்கான உத்தரவு, ரெண்டு ரூம் குடியிருப்பு உண்டுன்னு. நான் கடைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தேன். மூணு பேரும் பார்த்தோம்."

"அப்புறம் ஏன் யாரும்..."

"நீங்களே சொல்லுவீங்கன்னு அப்பா காத்துக்கிட்டிருந்தார். மாப்பிள்ளை வெட்கப்படுறார், நாமளா கேட்டா நல்லா இருக்காதுன்னார்."

"நீ கேட்டிருக்கலாமே."

"நான் எதுக்குக் கேக்கணும்? வர்றியான்னு நீங்கதான் என்னைக் கேக்கணும். திங்கக்கிழமை ராத்திரி கேப்பீங்கன்னு பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பார்த்தேன். நீங்க கழுத்து வலிக்குதுன்னு தைலம் தேய்க்கச் சொன்னீங்க."

அவன் திரையைப் பார்த்தான். கட்டத்துக்குள் கோடு மின்னி மின்னி நின்றது.

"வர்றியா?" என்றான்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, திரையில் இருந்த கட்டத்தைப் பார்த்தாள். "திங்கக்கிழமை கேட்டிருந்தா ரெண்டுன்னு சொல்லியிருப்பேன். நம்ம ரெண்டு பேருக்கு ஒரு வீடுன்னு நானும் ஒரு ராத்திரி முழுக்க நெனச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். இப்ப அம்மா பாத்திரமெல்லாம் பிரிச்சு வெச்சாச்சு, எது எடுத்துட்டுப் போறது, எது விட்டுட்டுப் போறதுன்னு. இந்த வீட்டை வாடகைக்கு விடுறதா அப்பா தெருமுனைக் கடைக்காரர்கிட்டச் சொல்லிட்டார். ஆளும் வந்து பார்த்துட்டுப் போயாச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "நாலுன்னு போடுங்க."

"நாலு பேருக்கு ரெண்டு ரூம்..."

"அப்பாதான் கூரையை அளந்து பார்த்துட்டாரே. நீங்கதானே காட்டினீங்க."

கம்பெனிப் பக்கத்தின் மேல்மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்துக்கு அதிகம் இல்லை. ஒன்றும் போடாமல் மூடிவிடலாம். மூடினால் இந்த வீடு, முக்காலி இல்லாத இதே ஹால். ரெண்டு என்று போடலாம். போட்டுவிட்டு வெளியே போய், பிரித்துவைத்த பாத்திரங்களுக்கு நடுவே நின்று அதைச் சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய ஆளாக இருந்தால் திங்கட்கிழமையே சொல்லியிருப்பான். அவன் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். திரை கலையவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் கலையாது என்று தெரிந்தது.

நாலு என்று போட்டு அனுப்பினான். நன்றி என்று வந்தது.

அவள் எழுந்து அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். கதவைச் சாத்தவில்லை. தையல் மிஷினை இறக்கிவைத்து, அடியில் இருந்த பையை மாமியார் உதறுகிற சத்தம் கேட்டது. "மாப்பிள்ளை பையில இடம் இருக்குடி," என்றார், இந்தத் தடவை நிஜமாகவே இருந்த மகளிடம்.

மாமனார் அறை வாசலில் வந்து நின்றார். இப்போது வெட்கம் அவருக்கு. கையில் பிரிக்காத ஒரு பாக்கெட். உள்ளே கறுப்பாக, சுருள் சுருளாக.

"நேத்தே வாங்கி வெச்சேன் மாப்ளே. இது நல்ல நீளம். அங்க ஹால் எப்படி இருந்தாலும் எட்டும். நீங்க முக்காலியில உக்கார வேண்டாம், சோபாவிலயே எங்ககூட உக்காந்துக்கலாம்."

அவன் வாங்கிக்கொண்டான். கை கனத்தது.